ஓகாவின் கை

அந்த விற்பனைப் பையனின் மூக்கு உடைந்த சத்தம் அரங்கத்தின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. காய்ந்த மரவள்ளிக் குச்சியை முழங்காலில் வைத்து ஒடித்தது போல ஒரு சத்தம். ரத்தம் பின்னால் தொங்கிய வெள்ளைத் திரையில் தெறித்தது. திரையில் மெஷின் அதுபாட்டுக்கு எழுதிக்கொண்டே போனது: ‘உங்கள் கருத்துக்கு நன்றி. வேறு எந்த விலையில் உங்களுக்கு உதவலாம்?’

எஜிகே தன் வலது கையைப் பார்த்தார். தடித்த கை. டாக்டர் பட்டம் வாங்கி எத்தனையோ வருஷம் ஆகியும் விரல் முட்டிகளில் மூட்டைக் கயிறு தேய்த்த காப்பு இன்னும் போகவில்லை. அந்தக் கைதான் எழுந்திருக்கிறது. எழும்போது அவரைக் கேட்டுக்கொண்டு எழவில்லை.

இத்தனைக்கும் அன்றைய கூட்டம் சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் தொடங்கியது. அபா நகரத்தில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தில், வக்கீலுக்குப் படித்தாலும் சரி, வைத்தியத்துக்குப் படித்தாலும் சரி, தொழில்முனைவுப் பாடத்தில் தேறாமல் யாரும் பட்டம் வாங்க முடியாது. அந்தப் பாடத்தில் எஜிகேயின் பங்கு சந்தைப் பருவம். ஒவ்வொரு மாணவனையும் பெரிய சந்தையில் ஒரு கடைக்காரரிடம் கொண்டுபோய் விடுவார். கடை கூட்டணும், மூட்டை சுமக்கணும், தொண்டை கிழிய ஆள் கூப்பிடணும், திட்டு வாங்கணும். இனிமேல் அந்த வேலையைச் செயற்கை அறிவு பார்த்துக்கொள்ளும் என்று மேலிடத்தில் பேச்சு வந்துவிட்டது. அதைக் காட்டத்தான் கம்பெனியிலிருந்து கோட்டும் டையுமாக அந்தப் பையன் வந்திருந்தான். ஆசிரியர்கள் தரப்பில் அவனுக்குத் துணையாக நின்ற பெண்மணி டாக்டர் எபெலே.

“இப்ப இது தோல் வியாபாரி. யார் வேணா பேரம் பேசலாம்,” என்றார் எபெலே.

எஜிகே எழுந்தார். “நான் பேசலாமா?” என்று ஒலிவாங்கியைப் பிடுங்கினார். “ஏய், இது தோலா? நோய்ல செத்த ஆட்டை வெயில்ல போட்டு உரிச்ச மாதிரி இருக்கு. இதைக் கடைன்னு பரப்பி வைக்க உனக்கு வெக்கமா இல்ல?”

“உங்கள் அதிருப்தியைப் புரிந்துகொள்கிறேன்,” என்றது மெஷின், தேன் தடவின குரலில். “தங்களுக்கு இருபது சதவீதம் தள்ளுபடி தரலாமா?”

அரங்கம் சிரிப்பில் அதிர்ந்தது. எஜிகே கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “பாத்தீங்களா? வாயைத் திறந்ததும் இருபது குறைச்சிட்டான்! இவன் நம்ம சந்தையில கடை போட்டா சாயங்காலத்துக்குள்ள இடுப்புல துணி மிஞ்சாது!”

எபெலேகூடச் சிரித்துவிட்டார். மெஷினைக் கோபக்காரனாக மாற்றிப் பேச வைத்தார். அது, “நீங்கள் கூறுவது என் மனதைப் புண்படுத்துகிறது,” என்றது. ஜெனரேட்டர் நின்று, விளக்கு போய், மறுபடி வந்தது. அதற்குள் பாதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அந்தப் பையன் முகம் சிவந்துபோய் மேடையிலிருந்து இறங்கி வந்தான். எஜிகேயின் தோளில் தட்டினான். “பப்பா, மூட்டை தூக்கின காலமெல்லாம் போயாச்சு. அந்த நாத்தம் பிடிச்ச சந்தை முழுசும் இப்ப இந்தப் பெட்டிக்குள்ள இருக்கு. நீங்க வீட்டுல காலை நீட்டிட்டு உக்காருங்க.” சொல்லிவிட்டுக் கன்னத்தையும் லேசாகத் தட்டினான்.

அதற்குப் பிறகுதான் மரவள்ளிக் குச்சி ஒடிந்தது.

துறைத்தலைவர் புரொபசர் ஓக்வுடிலி குள்ளமான மனிதர். கோபம் வந்தால் வேர்க்கடலையை அள்ளி அள்ளி வாயில் போடுவார். அன்றைக்கு ஒரு பொட்டலம் தீர்ந்துபோனது.

“நீ டாக்டரா, பஸ் ஸ்டாண்டு ரவுடியா? அவங்க போலீசுக்குப் போறேன்னாங்க. நான் கால்ல விழாத குறைதான். எஜிகே, நல்லாக் கேட்டுக்கோ. இன்னொரு தடவை உன் கை எவன் மேலயாவது பட்டுச்சுன்னா, உன் வேலை போச்சு. உன் சந்தைப் பருவமும் உன்னோடயே போச்சு. அத்தனை பசங்களும் மெஷின் முன்னால உக்காருவாங்க.”

“அவன் என் கன்னத்துல தட்டினான், புரொபசர்.”

“தட்டட்டும்! முத்தம் குடுக்கட்டும்! உன் கை பாக்கெட்டுல இருக்கணும்.”

எஜிகே தலையாட்டினார். அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. மீசை முளைத்த பிறகு, மூக்கொழுகும் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து எழுத்துக் கற்றவர் அவர். சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடந்து நடந்து உடம்பு பாதி தேய்ந்துவிட்டது. இந்த வேலையும் அந்தச் சந்தைப் பருவமும்தான் அந்த நடைக்கெல்லாம் மிஞ்சியது.

வெளியே வராந்தாவில் எபெலே காத்திருந்தார். வாங்கிக் கட்டிக்கொண்டதைக் கேட்டுச் சந்தோஷப்பட வந்திருக்கிறார் என்று எஜிகே நினைத்தார்.

“ஜெயிச்சிட்டீங்க மேடம். போய் உங்க பொம்மைக்கு மாலை போடுங்க.”

“நான் எதுக்கு அந்த மெஷினைக் கொண்டு வந்தேன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா டாக்டர்?”

“சுலபமா இருக்கும்னுதான்.”

“என் தம்பி டோபென்னா அந்தச் சந்தையிலதான் எரிஞ்சான்.” எபெலே குரலை உயர்த்தவில்லை. “திருடன்னு எவனோ கத்தினான். டயரைக் கழுத்துல மாட்டினப்ப அவன் கையில இருந்தது என்னோட போன். பொம்பளப் பிள்ளை போன் உன் கையில எப்படி வந்துச்சுன்னு கேட்டாங்களாம். ரிப்பேருக்குக் குடுத்து அனுப்பினதே நான்தான். நீங்க வருஷா வருஷம் பிள்ளைங்களை அங்க கூட்டிட்டுப் போறீங்க. நான் ஒவ்வொரு நாளும் அவங்க திரும்பி வர்ற வரைக்கும் கேட்டையே பாத்துட்டு நிக்கிறேன். மெஷினுக்குப் பேரம் பேசத் தெரியாது, சரி. அது யாரையும் எரிக்காது. எனக்கு அது போதும்.”

எஜிகே ஏதோ சொல்ல வந்து, இருமிவிட்டுப் போனார்.

அன்றைக்கு நடந்துபோகும்போது இடது காதைத் தேய்த்துக்கொண்டே போனார். அந்தக் காது பாதிதான் கேட்கும். சந்தையில் பையனாக வேலை பார்த்தபோது ஒரு வாடிக்கைக்காரியின் பை காணாமல் போனது. கூட்டம் அவரைத்தான் பிடித்தது. கட்டையோடும் கல்லோடும் சுற்றி நின்றபோது அவருடைய ஓகா, கடை முதலாளி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, “என் பையன்,” என்றார். சொன்ன கையோடு அவரே அடிக்கத் தொடங்கினார். சந்தையில் அது எழுதாத சட்டம். பையன் செய்த குற்றத்துக்கு ஓகா கை வைத்துவிட்டால் பிறகு வேறு எவன் கையும் அவன் மேல் படக்கூடாது. ஆனால் அடி அடியாக இருக்கணும். நாடகம் என்று தெரிந்தால் இரண்டு பேருக்கும் சேர்த்து விழும்.

அன்றைக்குத்தான் காது போனது. பிறகு பை பக்கத்துக் கடையில் கிடைத்தது. ஓகா பனை எண்ணெயைச் சூடாக்கிக் காதோரம் தேய்த்துவிட்டுக்கொண்டே சொன்னார்: “நான் அடிக்கலன்னா அவங்க அடிச்சிருப்பாங்கடா. எங்க நிறுத்தணும்னு எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாது.”

சந்தைப் பருவம் தொடங்கியது. துறைத்தலைவர் பாதி மாணவர்களை எபெலேயின் மெஷினுக்கும் பாதியை எஜிகேக்கும் பிரித்துக் கொடுத்தார். கிளம்பும் முன் எஜிகே தன் பங்குக்கு வந்தவர்களை நிறுத்தி வைத்துக் கத்தினார்.

“வாயைக் குறைங்க, காதைத் திறங்க. கடைக்காரர் திட்டினா வாங்கிக்கோங்க. அப்புறம் ஒருத்தனும் போனை வெளியே எடுக்கக் கூடாது. எடுத்தா நானே உடைப்பேன்.”

“ஏன் சார்?” என்று கேட்டான் துமேபி. கணக்கியல் படிப்பவன். நெட்டைக் கொக்கு, வாய் மட்டும் ஊருக்கு நீளம்.

“ஏன்னா நான் சொல்றேன்.”

காரணம் சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. அபாவில் இருக்கிறவனுக்கு அது தெரியாமல் போகுமா என்று நினைத்தார். போன மாதம்தான் அரசாங்கத்தின் இடிப்புக்காரர்கள் செருப்புக்கு அடிப்பாகம் விற்கும் வரிசையில் பாதியைத் தரைமட்டமாக்கியிருந்தார்கள். அதற்கு முந்தின வாரம் சில வாலிபர்கள் போனோடு வந்து கடை கடையாகப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எங்களையும் படம் எடுப்பா என்று சிரித்துக்கொண்டு நின்றார்கள். மறுவாரம் படம் எடுத்த கடைகளிலெல்லாம் சிவப்புச் சாயத்தில் பெருக்கல் குறி. அதற்கு மறுநாள் புல்டோசர். சாமானை எடுக்க உள்ளே ஓடிய ஒருவன் சுவருக்கு அடியிலேயே போய்ச் சேர்ந்தான். மிச்சமிருந்த கடைக்காரர்கள் அவனைப் புதைத்துவிட்டு வந்து, உடைந்த செங்கல்லைக் கடைவாசலில் குவித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். யாருக்காக என்று அவர்களுக்கே தெரியாது.

துமேபி பல்கலைக்கழக விடுதியில் இருக்கிறவன், வெளியூர்ப் பிள்ளை. அவனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

அவனை எஜிகே சேர்த்துவிட்டிருந்த பை வியாபாரி அன்று காய்ச்சலில் படுத்துவிட்டார். கடை மூடியிருந்தது. சும்மா நிற்பானேன் என்று துமேபி வரிசை தாண்டி, செருப்பு அடிப்பாக வரிசைக்குப் போனான். எபெலேயின் வகுப்பில் எட்டிப் பார்த்தது அவனுக்கு ஞாபகம் வந்தது. கடையைப் படம் எடுத்துக் கொடுத்தால் உள்ளே என்ன சரக்கு, எவ்வளவு, எந்த விலைக்கு விற்கலாம் என்று மெஷினே சொல்லிவிடும். ஒரு பருவ வேலை ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும். போனை எடுத்தான். முதல் கடை. அடுத்த கடை. அதற்கடுத்த கடை. ஒவ்வொரு கடைக்கும் முன்னால் நேராக நின்று, கடை எண் தெரிகிற மாதிரி, நிதானமாக.

பை வரிசையில் நின்றிருந்த எஜிகேக்கு முதலில் கேட்டது சத்தம் இல்லை, சத்தம் நின்றது. அந்தச் சந்தையில் தையல் மெஷின்களும் சுத்தியல்களும் ஆள் கூப்பிடும் தொண்டைகளும் ஓய்வதே கிடையாது. அவை சட்டென்று அடங்கின.  அப்புறம் வந்தது அந்த உறுமல்.

ஓடினார். வயசான முழங்கால்கள் கத்தின. கூடை, கைவண்டி, கோழிக் கூண்டு எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினார்.

துமேபி சாக்கடைக்குள் மல்லாந்து கிடந்தான். சட்டை இல்லை. ஒரு புருவம் கிழிந்து கண்ணுக்குள் ரத்தம் ஓடியது. ஒருவன் செருப்பு அச்சுக்கட்டையால் அவன் விலாவில் குத்தினான். இன்னொருவன் ஆணி அடித்த பலகையை ஓங்கியிருந்தான்.

“நான் ஸ்டூடண்ட்! நான் ஸ்டூடண்ட்!”

“போன தடவை வந்தவனும் இதைத்தான்டா சொன்னான்!”

“படம் புடிக்க வந்தியா? உன்னையே ஒரு படம் புடிக்கிறோம் இரு!”

“டயர் எங்கடா? டயரைக் கொண்டாங்கடா!”

டயர் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. தலைக்கு மேல் கை மாறி மாறி உருண்டு வந்தது. ஜெனரேட்டருக்கு வைத்திருந்த பெட்ரோல் கேனை ஒருவன் மூடியைத் திறந்து கையில் பிடித்திருந்தான்.

எஜிகே உள்ளே பாய்ந்தார். “விடுங்க! நம்ம பையன்! படிக்கிற பையன்!” ஆணிப் பலகை அவர் முதுகில் இறங்கியது. சட்டையும் தோலும் சேர்ந்து கிழிந்தன. ஒரு செங்கல் தோளில் விழுந்தது. அவர் குரல் யாருக்கும் கேட்கவில்லை. பையனின் கழுத்தில் டயரை மாட்டிவிட்டார்கள். பெட்ரோலின் முதல் வீச்சு அவன் மார்பில் விழுந்தது. அவன் கத்துவதை நிறுத்திவிட்டு வாயைத் திறந்து திறந்து மூடினான்.

அப்போது வரிசைத் தலைவர் மடுகா கூட்டத்துக்குள் வந்தார். பருத்த மனிதர். இடிந்த கடைகளில் அவருடையதும் ஒன்று. கையை உயர்த்தினார். தீக்குச்சி வைத்திருந்தவன் நிறுத்தினான்.

மடுகா கேட்டார். “இவன் யாரோட பையன்?”

கேட்க வேண்டிய கேள்வி அது. நெருப்பு வைப்பதற்கு முன் கேட்டே ஆகவேண்டிய கேள்வி. பதில் வராவிட்டால் குச்சி உரசப்படும்.

எஜிகேக்குத் துறைத்தலைவரின் முகமும் வேர்க்கடலையும் ஒரு கணம் தெரிந்து மறைந்தன. பாக்கெட்டுல இருக்கணும் உன் கை. சாக்கடையிலிருந்து துமேபி அவரைப் பார்த்தான், ஒற்றைக் கண்ணால்.

“என் பையன்,” என்றார் எஜிகே. “நான்தான் இவன் ஓகா.”

“உன் பையனா?” மடுகா அவரை மேலும் கீழும் பார்த்தார். அவருக்கு எஜிகேயைத் தெரியும். சின்ன வயதில் ஒரே மூட்டைக்கு அடித்துக்கொண்டவர்கள். “அப்ப உன் கை எங்க எஜிகே?”

எஜிகே டயரைக் கழற்றி எறிந்தார். பையனின் தலைமுடியைப் பிடித்துச் சாக்கடையிலிருந்து இழுத்துப் போட்டார். ஓர் அறை விட்டார்.

கூட்டம் உறுமியது. “தடவிக் குடுக்கிறான்டா!”

“பல்கலைக்கழகத்து அடி! கை நோகப்போகுது சாருக்கு!”

“ரெண்டு பேரையும் சேர்த்துக் கொளுத்துங்க!”

பெட்ரோல் கேன் மறுபடி சாய்ந்தது. எஜிகே கண்ணை ஒரு முறை மூடித் திறந்தார். பிறகு அடித்தார். முஷ்டியை மடக்கி வாயில் அடித்தார். பல் அவர் முட்டியில் குத்தி, பிறகு உடைந்தது. வயிற்றில் உதைத்தார். பையன் மடங்கியபோது முதுகில் முழங்கையை இறக்கினார். “என் பேரைக் கெடுக்க வந்தியா! எடுக்காதேன்னு சொன்னேனா இல்லையா! சொன்னேனா இல்லையா!” ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அடி. துமேபி வாந்தி எடுத்தான். அதன் மேலேயே உருண்டான். “ஓகா, ஓகா,” என்று முனகினான். அதுவரை அவன் அவரை சார் என்றுதான் கூப்பிட்டிருக்கிறான்.

அந்தச் சொல் விழுந்ததும் கூட்டம் தளர்ந்ததை எஜிகே முதுகாலேயே உணர்ந்தார். ஆணிப் பலகை தாழ்ந்தது. யாரோ எச்சில் துப்பினார்கள். யாரோ ஒரு பெண், “ஐயோ, போதுமே,” என்றாள். பெட்ரோல்காரன் கேனின் மூடியைத் தேடித் திருகினான். மாடியில் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்த ஒருவன் போனை இறக்கிப் பாக்கெட்டில் போட்டான்.

“போதும், எஜிகே,” என்றார் மடுகா.

போதும்தான். எஜிகே நிமிர்ந்தார். மூச்சு வாங்கியது. அப்போது காலடியில் துமேபியின் போன் கிடந்தது. கண்ணாடி விரிசல் விட்டிருந்தும் வெளிச்சம் போகவில்லை. அதில் அழகான வரிசையில் எழுதியிருந்தது: ‘இந்தக் கடையில் ரப்பர் அடிப்பாகங்கள் அதிகம். நல்ல வாய்ப்பு. அடுத்த கடையின் படத்தை அனுப்புங்கள்.’

எஜிகே திரும்பி, பையனின் தாடையில் உதைத்தார்.

மரவள்ளிக் குச்சி ஒடிந்தது.

 மடுகா அவரைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். “போதும்னு சொன்னேனே,” என்றார் மெதுவாக.

எஜிகே பையனைத் தூக்கி, மூட்டை தூக்குவதுபோல முதுகில் போட்டுக்கொண்டு சாலைக்கு நடந்தார். கிழிந்த முதுகில் அவன் ரத்தமும் இவர் ரத்தமும் கலந்து காற்சட்டைக்குள் இறங்கியது. ஆட்டோக்காரர்கள் பார்த்துவிட்டு நிற்காமல் போனார்கள். காதோரத்தில், நல்ல காதின் பக்கம், துமேபி ஏதோ முனகினான். தாடை தொங்கியதால் சொற்கள் குழைந்து வந்தன.

“ஏன்னு... சொல்லியிருந்தா... எடுத்திருக்க மாட்டேன் சார்.”

எஜிகே நடந்தார். 

மாடியில் எடுத்த படம் மறுநாளே நாடெங்கும் ஓடியது. மாணவனை மிருகம்போல அடிக்கும் பேராசிரியர். கம்பெனிப் பையனின் வளைந்த மூக்கையும் யாரோ பக்கத்தில் ஒட்டிவிட்டார்கள். பல்கலைக்கழகம் விசாரணைக் குழுவைக் கூட்டியது. தலைவராக ஓக்வுடிலி உட்கார்ந்தார். மேசை மேல் வேர்க்கடலை இல்லை.

படத்தைத் திரையில் ஓட்டினார்கள். முதல் அறை. முஷ்டி. உதை. முழங்கை. துமேபி வாந்தி மேல் உருளுகிற இடத்தில் படம் நின்றுவிட்டது. அதற்கு மேல் இல்லை.

குழுவில் ஒருவர் அதை மெஷினுக்குக் கொடுத்து எழுதி வாங்கியிருந்தார். பக்கச் சார்பு இருக்கக் கூடாது பாருங்கள் என்றார். வாசித்தார்: “ஐம்பது வயது மதிக்கத்தக்க ஆண், எதிர்க்காத இளைஞரைத் தொடர்ந்து தாக்குகிறார். சுற்றி நிற்போர் யாரும் தாக்குதலில் கலந்துகொள்ளவில்லை. ஆபத்துக்குக் காரணம் அந்த ஆண் ஒருவரே.”

எஜிகேக்குச் சிரிப்பு வந்தது. முதுகுத் தையல் இழுத்ததால் அடக்கிக்கொண்டார்.

எபெலே எழுந்து நின்றார். எஜிகே நாற்காலியின் கையை இறுகப் பிடித்தார். வரட்டும், என்ன வந்தாலும் வாங்கத்தான் வேண்டும்.

“அது பாத்தது சரி,” என்றார் எபெலே. “சுத்தி நின்னவங்க ஒருத்தரும் கை வைக்கல. ஏன் வைக்கலன்னு அதுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நானும் அபாக்காரிதான். அந்தப் பையன் மார்புல பெட்ரோல் ஈரம் இருக்கு பாருங்க. அதை இந்த மெஷின் வேர்வைன்னு நெனச்சிருக்கும்.” அவர் திரையைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார். “அன்னைக்கு என் தம்பியை அடிக்க ஒரு ஓகா இல்ல. இருந்திருந்தா பல்லு போயிருக்கும், எலும்பு போயிருக்கும். அவன் இருந்திருப்பான். எனக்கு டாக்டர் எஜிகேயைப் பிடிக்காது. அவர் பாடம் நடத்துறதும் பிடிக்காது. அந்தச் சந்தைக்குப் பிள்ளைங்களை அனுப்பக் கூடாதுன்னு இப்பவும் சொல்வேன். ஆனா இதுக்காக அவரை வெளியே அனுப்பினீங்கன்னா நானும் போறேன்.”

உட்கார்ந்துவிட்டார். 

அடுத்து துமேபி. தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். பல்லுக்கு நடுவே காற்றை விட்டு விட்டுப் பேசினான். “சார் வரலன்னா நான் இன்னைக்குச் சாம்பல். என் ஓகா என்னை அடிச்சாரு. வேற யாரும் அடிக்கக் கூடாதுன்னு அடிச்சாரு. எனக்குப் புகார் இல்ல.”

அவன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தோள்துணியால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

ஓக்வுடிலி பெருமூச்சு விட்டார். முகத்தில் ரத்தம் திரும்பியது. குழுவிலிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். “சரி. அப்ப முடிஞ்சுது. எஜிகே, அடிச்ச அடி எல்லாமே பையனைக் காப்பாத்தத்தான். அப்படித்தானே? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு. வேலையும் இருக்கும், உன் சந்தைப் பருவமும் இருக்கும். நாம எல்லாரும் சாப்பிடப் போகலாம்.”

ஒரு வார்த்தைதான். எஜிகே வாயைத் திறந்தார். அவருக்கு எதிரில் துமேபியின் தாடை இருந்தது. கம்பியைச் சுற்றி வீங்கி, மஞ்சளும் ஊதாவுமாக. அங்கே அடித்த அடி படத்தில் இல்லை. படம் பிடித்தவன் அதற்கு முன்பே போனைப் பாக்கெட்டில் போட்டுவிட்டான். பலகை இறங்கிவிட்டது. மூடி திருகியாகிவிட்டது. காதோரம் பனை எண்ணெய் தேய்த்த விரல்கள் ஞாபகம் வந்தன. எங்க நிறுத்தணும்னு எனக்குத் தெரியும்.

“எல்லாம் இல்ல,” என்றார்.

“என்ன?”

“தாடையில விழுந்தது. அதுக்கு முன்னாடியே அவங்க கையை இறக்கிட்டாங்க. மடுகா போதும்னுட்டான். எனக்குக் கேட்டுச்சு. நல்ல காதுலதான் கேட்டுச்சு.” கையை எடுத்து மேசை மேல் வைத்தார், எல்லாரும் பார்க்கிற மாதிரி. “அந்தப் போன் கீழ கிடந்துச்சு. அடுத்த கடை படத்தை அனுப்புன்னு கேட்டுட்டு கிடந்துச்சு. அதைப் பாத்ததும் எனக்குத் தலைக்கு ஏறிடுச்சு. மெஷினை உதைக்க முடியல. பையனை உதைச்சேன். அது காப்பாத்த அடிச்சது இல்ல.”

“எஜிகே!” ஓக்வுடிலி கிட்டத்தட்டக் கத்தினார். “உன்னை யாரும் கேக்கலடா!”

“நீங்கதான் கேட்டீங்க புரொபசர். எல்லாமேவான்னு கேட்டீங்க.”

துமேபியின் அம்மா தோள்துணியை எடுத்துவிட்டு அவரையே பார்த்தாள். எபெலே தலையைக் குனிந்துகொண்டார். குழுவிலிருந்தவர் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். அந்த எழுத்து எங்கே போய் முடியும் என்று எஜிகேக்குத் தெரியும். மாணவர்கள் இனி மெஷின் முன்னால் உட்காருவார்கள். சந்தையில் அவருக்கு மூட்டை தூக்கவும் இனி வயசில்லை.

எழுந்தார். கதவுப் பக்கம் போகும்போது துமேபியைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. நின்றார். 

“எனக்குத் தெரியும் சார்,” என்றான் துமேபி, கம்பிக்கு நடுவே. “அந்தக் கடைசி ஒண்ணு மட்டும் வேற மாதிரி வலிச்சுது.”